இருபத்தேழாவது பாரா

காலை பத்து ஐம்பது. டைப்பிங் அறையில் போன் அலறியது.

டைப்பிஸ்ட் எடுத்தாள்.

"நான்தான்..." கணவனின் குரல். மூச்சு வாங்கியது. "உடனே கீழ வா."

"என்னங்க ஆச்சு?"

"வரலாறு சார் செத்துக் கிடக்கார்."

அவள் ரிசீவரை வைக்கவில்லை. அது தானாகவே கையிலிருந்து நழுவியது.

அது உள்துறை அமைச்சகம். போலீஸ், சிறை, எல்லைக் காவல், குடியுரிமை... எல்லாவற்றுக்கும் தலைமை இடம். நாட்டுக்குள் யார் நிம்மதியாகத் தூங்கலாம், யாரைத் தூக்கி உள்ளே போடலாம் என்று முடிவு செய்வது இந்த ஆறு மாடிகள்தான். அடித்தளத்தில் எழுபத்தைந்து வருடக் கோப்புகள். அவற்றுக்குக் காவல் அவள் கணவன். ரெக்கார்ட் கீப்பர்.

எழுபத்தைந்தாவது ஆண்டு விழா மலருக்காக, அமைச்சகத்தின் சரித்திரத்தை எழுத ஒரு ரிட்டயர்டு புரொபசரைப் பிடித்து வந்திருந்தார்கள். வாட்ச்மேன் முதல் மந்திரி வரை அவருக்கு வைத்த பெயர் 'வரலாறு'.

அந்த வரலாறுதான் இப்போது நிஜமாகவே வரலாறாகிவிட்டது.

அவள் படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

மூன்றாவது ரேக்குக்கும் நாலாவது ரேக்குக்கும் நடுவே புரொபசர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் கோப்புகளில் துளை போடும் பெரிய இரும்பு பஞ்சிங் மெஷின்.

சுவரோரம் கணவன். மணிக்கட்டில் விலங்கு!

"இவரை ஏன் சார் பிடிச்சிருக்கீங்க?"

இன்ஸ்பெக்டர் அலுப்பாகத் திரும்பினார். "ரூம் சாவி உங்க வீட்டுக்காரர் இடுப்புல இருக்கு. போதாததுக்கு இது... பெரியவர் சட்டைப் பையில இருந்துச்சு."

ஒரு கடிதம். கம்ப்யூட்டரில் அடித்தது. அவர் உரக்கப் படித்தார்.

"ரெக்கார்ட் கீப்பர் ரகசியக் கோப்புகளை வெளியாட்களுக்குக் கொடுப்பதைக் கண்டுபிடித்தேன். அதனால் என்னைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறார். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் அவரே பொறுப்பு... கீழ கையெழுத்து."

"பொய் சார்," என்றான் கணவன். "தினமும் நானும் அவரும் ஒண்ணா உக்காந்து டீ குடிப்போம். நேத்துகூட எங்க பாப்பாவுக்குப் படப் புஸ்தகம் குடுத்தார். சாவி இன்னொண்ணு இருக்கு சார். ஜாயின்ட் சார் ரூம்ல."

ஜாயின்ட் என்றால் இணைச் செயலாளர். ஐந்தாம் மாடி.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "வாயை மூடுய்யா. என் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்ல கையெழுத்துப் போடறவர் அவரு. அவர்கிட்ட போய் சாவி எங்கன்னு கேக்கச் சொல்றியா?"

கணவன் மனைவியைப் பார்த்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுடும். லேட் ஆனா பாப்பா அழுவா. நீ போயிடு... என்ன?"

அவள் தலையாட்டினாள்.

"கேஸெல்லாம் வேண்டாம் இன்ஸ்பெக்டர்."

படியில் நின்றபடி சொன்னார் ஜாயின்ட். தும்பைப்பூ வெள்ளையில் சட்டை. தங்க பிரேம் கண்ணாடி.

"தடுப்புக் காவல் ஆர்டர் போட்டுடலாம். ஒரு மணிக்கு வேனை வரச் சொல்லுங்க."

அந்தச் சட்டம் அவளுக்குத் தெரியும். எப்போதோ ஒரு போர் வந்தபோது மூன்று மாதத்துக்கென்று கொண்டுவந்தது. போர் முடிந்து எழுபது வருடமாகியும் சட்டம் சாகவில்லை. ஜாயின்ட்டின் ஒரு கையெழுத்து போதும். கோர்ட் கிடையாது. வக்கீல் கிடையாது. ஒரு வருடம் உள்ளே. கையெழுத்து விழுந்த பிறகு அவரே நினைத்தாலும் ரத்து செய்ய முடியாது. அதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். உள்ளே போன சிலர் கமிட்டி கூடும்வரை உயிரோடு இருந்ததில்லை.

அப்படியே காலில் விழுந்தாள்.

"சார்... கும்பிட்டுக் கேக்கறேன் சார். அவர் எந்தத் தப்பும் பண்ணியிருக்க மாட்டார். எனக்கு ஒரு பொண் குழந்தை சார்..."

"எழுந்திரும்மா. இன்னிக்கு சீக்ரெட் செக்‌ஷன்ல டைப்பிஸ்ட் நீ மட்டும்தானே? ஆர்டரை அடிச்சு மேல கொண்டா. அந்தக் கடிதத்துக்கும் ஒரு காப்பி அடிச்சு சேர்த்துடு."

"நானா சார்? என் புருஷனுக்கு... நானேவா?"

"வேலைன்னா வேலைதான்."

போய்விட்டார். பாவி!

மணி பன்னிரண்டு பத்து.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஆர்டரில் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். அடிக்க மனம் வரவில்லை. முதலில் கடிதக் காப்பியை முடிப்போம் என்று, இன்ஸ்பெக்டரிடம் வாங்கி வந்திருந்த கடிதத்தை ஸ்டாண்டில் செருகினாள்.

பழக்கத்தில் விரல்கள் அடித்தன. '27. ரெக்கார்ட் கீப்பர் ரகசியக் கோப்புகளை...'

விரல் நின்றது.

இருபத்தேழா?

அடுத்த வரியைப் பார்த்தாள். '28. எனக்கு ஏதேனும் நேர்ந்தால்...'

உயிருக்குப் பயந்து எழுதுகிறவன் பாரா நம்பர் போடுவானா? போட்டாலும் ஒன்றிலிருந்து அல்லவா போடுவான்? புரொபசருக்கு டைப் அடிக்கவே தெரியாது. எல்லாம் மசிப்பேனாதான். "நீங்கள்லாம் கல்யாணப் பத்திரிகைக்கே பாரா நம்பர் போடற ஆளுங்கம்மா" என்று அவளைக் கிண்டல் செய்தவர் அவர்.

ஆம். பாரா நம்பர் போடுகிறவர்கள் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். இங்கே ஒரு கோப்பு திறந்த நாளிலிருந்து மூடும் நாள் வரை ஒரே வரிசை. ஓர் ஆபீசர் பத்தில் நிறுத்தினால் அடுத்தவர் பதினொன்றில் தொடங்க வேண்டும்.

அப்படியானால் ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை எங்கே?

புரொபசர் சம்பந்தப்பட்ட கோப்பு ஒன்றே ஒன்றுதான். கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே ஓடினாள். கணவன் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, விழா மலர் ஃபைல் எங்க?"

"மூணாவது ரேக், ரெண்டாவது தட்டு. நேத்து சாயங்காலம்தான் ஜாயின்ட் சார் மூடி அனுப்பினார். ஏன்?"

அவள் கோப்பை உருவினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடிதத்தோடு சேர்த்து இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'25. ஏழாவது அத்தியாயம் நீக்கப்பட வேண்டும். ஆசிரியர் இணங்க மறுக்கிறார்.'

'26. அவரை நானே நேரில் கவனித்துக்கொள்கிறேன்.'

கீழே ஜாயின்ட்டின் கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். இரண்டிலும் அதே எழுத்துரு.

"ஏழாவது அத்தியாயத்துல என்ன?"

கணவன் சொன்னான். "இருபது வருஷம் முன்னாடி ஒரு தடுப்பு முகாம்ல பதினோரு பேர் செத்துப்போனாங்க சார். அத்தனை பேரையும் விடுதலை பண்ணிட்டோம்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்ப அவரு முகாம் அதிகாரி. இப்ப ஜாயின்ட்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"புரியுதும்மா. நல்லாவே புரியுது. ஆனா இதை எடுத்துட்டு நான் யார்கிட்ட போறது? போலீஸே இந்தக் கட்டடத்துக்குக் கீழதான். ஆர்டர் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது."

"ஆர்டர் வந்தா?"

"காரணம் கேக்க மாட்டேன். எங்க பொழப்பு அதான்."

அவள் கணவனின் விலங்கிட்ட கையைத் தொட்டாள். கோப்பை இன்ஸ்பெக்டரிடமே கொடுத்துவிட்டு மாடி ஏறினாள்.

பன்னிரண்டு ஐம்பது. ஐந்தாம் மாடி.

ஜாயின்ட் போனில் மந்திரியின் செயலரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஆர்டரை வைத்தாள். கையெழுத்து விழ வேண்டிய மூன்று இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாள். மஞ்சள் சீட்டைக் கண்டால் கையெழுத்துப் போட்டுவிடுவது அவர் பழக்கம். தன் டிரைவரின் வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழிலேயே 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதியவர்!

அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"கடிதக் காப்பி சேர்த்தாச்சா?"

"முதல் பக்கமே அதான் சார்."

மேல் பக்கத்தைப் படித்தார். அவர் உதட்டில் ஒரு திருப்தி. அடுத்த பக்கத்தில் மஞ்சள் சீட்டு... கையெழுத்து. அடுத்தது... கையெழுத்து. மூன்றாவதும் விழுந்தது. முத்திரையை அவரே குத்தினார்.

"குட். வேலைன்னா இப்படித்தான் இருக்கணும்."

சரியாக ஒரு மணி. இன்ஸ்பெக்டர் வந்தார். ஆர்டரை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். டைப்பிஸ்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"கிளம்பலாமா சார்?"

"நான் எதுக்குய்யா? அவனை வேன்ல ஏத்து."

"ஆர்டர்ல பேரு உங்களோடது சார்."

ஜாயின்ட் காகிதத்தைப் பிடுங்கினார். 'இணைச் செயலாளர், ஐந்தாம் மாடி, உள்துறை அமைச்சகம், உடனடியாகத் தடுத்து வைக்கப்படுகிறார்.' கீழே அவர் பெயர், அவர் முத்திரை, அவர் கையெழுத்து.

முகத்தில் ரத்தமே இல்லை.

"மோசடி... இதை இப்பவே ரத்து பண்றேன்."

"கமிட்டிதான் பண்ணணும் சார். மூணு மாசத்துல கூடும்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுவரைக்கும் விழா மலர் ஃபைல் என்கிட்ட பத்திரமா இருக்கும். ரெக்கார்ட் கீப்பர் மேல ஆர்டரே இல்ல, விலங்கைக் கழட்டிடறேன்."

"உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்டி."

"வரேன் சார்," என்றாள் டைப்பிஸ்ட். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "முதல்ல நீங்க போங்க. எனக்கு மூணு மணிக்குப் பாப்பாவைக் கூப்பிடணும்."

ஜாயின்ட் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "பேப்பர் குடு... என் தரப்பு விளக்கத்தை எழுதணும்."

அவள் மேஜையிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"தாராளமா எழுதுங்க சார். பாரா மட்டும் இருபத்தொன்பதுல ஆரம்பிக்கணும்."