மிளகு வாய் வைக்காத தட்டு

“விஷம்னா வாந்தி எடுத்திருக்கணுமே?”

“எடுக்கலை சார். அதனாலதான் பயமே. மெதுவா கொல்ற விஷமா இருந்தா?”

“அப்படியும் உண்டு மச்சான்,” என்று மூன்றாவது குரல் ஆவலாகச் சேர்ந்துகொண்டது. “நான் படிச்சிருக்கேன்.”

“நீங்க படிக்காதது என்ன இருக்கு மாப்பிள்ளை. முதல்ல உக்காருங்க.”

மாப்பிள்ளை உட்காரவில்லை. அவருக்கு உட்கார்ந்தால் யோசனை ஓடாது. கீழே குடைக்கடை வைத்திருந்தார். நான்கு மாதமாக வானம் ஒரு சொட்டு விடவில்லை என்பதால் பகலில் பாதி நேரம் மாடியில்தான், மனைவியின் அண்ணன் அறையில். அந்த அண்ணன் முப்பது வருடம் உணவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லெண்ணெயில் மட்ட எண்ணெய் கலந்தவனையும் மிளகாய்ப் பொடியில் செங்கல் கலந்தவனையும் நாக்கு நுனியிலேயே பிடித்தவர். ஓய்வுக்குப் பிறகும் ஊர்க்காரர்கள் விடவில்லை. காணாமல் போன மோதிரம், கையெழுத்தில்லாத கடிதம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அந்தக் காலடிச் சத்தம் கேட்டால் போதும், கடையைப் பூட்டிவிடுவார்.

இன்று வந்தவர் ஒரு மரக்கடைக்காரர். வாட்டசாட்டமான ஆள், ஆனால் மூன்று நாள் தூக்கமில்லாத கண்கள். அவர் கையிலிருந்த வாரின் மறுமுனையில் கன்னங்கரேலென்று ஒரு வேட்டை நாய். பெயர் மிளகு. மேஜைக்கடியில் படுத்து, முன்கால்கள்மேல் தாடையை வைத்துக்கொண்டு, உலகத் துக்கமெல்லாம் தன்னுடையது என்பதுபோல் பார்த்தது.

மரக்கடைக்காரர் சொன்னதன் சுருக்கம் இது. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை. விரட்டித் தர இவருடைய நான்கு நாய்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வேனில் நான்கு நாள் பயணம்; கடைசி நாளுக்கு முன் இந்த ஊரில் தங்கல். மற்ற மூன்று நாய்களும் தட்டைக் கழுவிவைத்ததுபோல் நக்கித் தின்கின்றன. முன்னோடும் நாயான மிளகு மட்டும் மூன்று நாளாகத் தட்டில் வாய் வைக்கவில்லை. இந்த ஊர்க் கால்நடை மருத்துவர் காய்ச்சல் பார்த்து, ஈறு பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தால் ஆய்வாளரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

“யார் மேல சந்தேகம்?” என்றார் ஆய்வாளர்.

“சந்தேகமே இல்லை. சோறு வைக்கிறவன்தான்.”

பன்னிரண்டு வருடமாக நாய்களுக்குச் சோறு வைக்கும் ஆள். எல்லாருக்கும் அவர் தட்டுக்காரர். அவருடைய மகளுக்கு இது பிரசவ மாதம்; இந்தப் பயணத்துக்கு வரவில்லை, லீவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் விடவில்லை. “அந்தக் கோபத்தை வாயில்லா ஜீவன் மேல காட்டுறான். சாயங்காலம் ஆறு மணி பஸ்ல ஊருக்குப் போன்னு சொல்லிட்டேன். நாய்க்கு விஷம் வச்சவன்னு தெரிஞ்சா எங்க வட்டாரத்துல ஒருத்தன் அவனை வாசல்ல நிக்க விடமாட்டான்.”

மாப்பிள்ளை பாதி தின்ற வெண்ணெய் பன்னைக் கையில் வைத்தபடியே மேஜையைச் சுற்றி வந்தார். பாவம், மூன்று நாள் பட்டினி. குனிந்து மிளகின் காதைத் தடவிக்கொடுத்தார். நிமிர்ந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை. “வாங்க, தங்குற இடத்தைப் பாத்துடலாம்,” என்று எழுந்தார்.

விடுதி இரண்டு தெரு தள்ளி இருந்தது. போகும் வழியெல்லாம் மாப்பிள்ளை ஒரு கொலைகாரனைப் பிடிப்பதும் விடுவதுமாக வந்தார். தட்டுக்காரர் கசப்பு வேர் எதையாவது கலந்திருக்கலாம். இல்லை, வேறு வேட்டைக்காரர்கள் வேன் டிரைவரை விலைக்கு வாங்கியிருக்கலாம். இல்லை, தண்ணீரே கோளாறாக இருக்கலாம். மச்சான் எல்லாவற்றுக்கும் “இருக்கலாம்” என்றார். அந்த நிதானம்தான் மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. ஆறு மணி பஸ் தன் தலைமேலேயே வருவதுபோல் அவர் நடையை எட்டிப் போட்டார்.

விடுதியின் பின்முற்றத்தில் மூன்று நாய்கள் ஒரு கொட்டகையில் கிடந்தன. மிளகுக்குத் தனியாக ஒரு மூலை, தனிக் கம்பம், தனித் தண்ணீர்ச் சட்டி. நோய் என்றால் மற்றதுக்கு ஒட்டக்கூடாது என்று முதல் நாளே பிரித்துவிட்டார்களாம். மரக்கடைக்காரர் வாரைக் கம்பத்தில் கட்டினதும் மிளகு நேரே சட்டிக்குப் போய்த் தளக் தளக் என்று குடித்தது. பாதிச் சட்டி காலி.

“எப்பவும் இப்படித்தானா?” என்றார் ஆய்வாளர்.

“மூணு நாளா இப்படி. ஊத்தி மாளலை,” என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல். தட்டுக்காரர். பக்கத்தில் கட்டிவைத்த துணிப்பை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்றாரே தவிர, கெஞ்சுகிற ஆளாகத் தெரியவில்லை.

ஆய்வாளர் அவரிடம் கேட்டதெல்லாம் தொழில் விஷயம்தான். தட்டுக்காரரும் தொழிலைச் சொல்லும்போது மட்டும் முகம் தெளிந்தார். வண்டி நின்றதும் சோறு வைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் நடக்கவிட்டு, குலுக்கல் அடங்கினபிறகுதான். வீட்டில் தின்ற அதே தட்டு, அதே நேரம், ஒருநாளைக்கு ஒரே வேளை. புதுத் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும் என்பதால் வீட்டுத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து, ஊர்த் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். வைத்த தட்டைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், தின்றாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி.

“தின்னாட்டியும் எடுத்துடுவானாம்,” என்று மரக்கடைக்காரர் பொருமினார். “கல் நெஞ்சு.”

“பயணத்துல முதல் நாள் சில நாய் தட்டைத் தொடாது. விட்டுட்டா மறுநாள் பசி தானா வரும். நான் வைக்கிறதைத் தவிர வேற எதுவும் உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்,” என்றார் தட்டுக்காரர், யாரையும் பார்க்காமல்.

அடுப்பில் மாலைச் சோறு தயாராக இருந்தது. உடைத்த தானியமும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. ஆய்வாளர் ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். மரக்கடைக்காரருக்கு முகம் கோணியது. மாப்பிள்ளைக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் குமட்டவும் செய்தது.

“நல்லா வெந்திருக்கு. உப்புதான் இல்லை.”

“நாய்க்கு எதுக்கு உப்பு?” என்றார் தட்டுக்காரர்.

அதற்குள் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. தடயம் எதுவும் மண்ணில்தான் கிடக்கும் என்று மிளகின் கம்பத்தைச் சுற்றிக் குனிந்தபடி நடந்தவர், திடீரென்று ஒற்றைக்காலில் நின்றார். செருப்பு முழுக்க மிளகின் கழிவு அப்பிக்கொண்டது.

“அது எப்ப போனது?” என்றார் ஆய்வாளர். குரலில் முதன்முறையாக ஒரு சுறுசுறுப்பு.

“என்னைக் கேட்டா மச்சான்? சூடா இருக்கு, அவ்வளவுதான் தெரியும்.”

ஆய்வாளர் மிளகின் அருகில் உட்கார்ந்து அதன் மார்புப் பட்டையைப் பார்த்தார். மூன்றாவது ஓட்டையில் கொக்கி பல வருடமாக அழுத்திப் பட்டையின் தோல் வெளுத்திருந்தது. இப்போது கொக்கி மாட்டியிருந்தது நான்காவதில். ஒரு ஓட்டை தளர்த்தி.

“இதை யார் மாட்டுறது?”

“டிரைவர். காலையில வேன்ல ஏத்தும்போது.”

டிரைவரை விசாரித்தபோது பட்டை வெயிலில் சுருங்கிவிட்டது என்றார். உள்ளே, மரக்கடைக்காரரின் அக்கா கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று தம்பியோடு வந்தவர். மிளகைப் பற்றிப் பேச்செடுத்ததும் கண் கலங்கியது. அந்தத் தட்டுக்காரன் மிளகைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவான் என்று தான் முதல் நாளே சொன்னதாகச் சொன்னார்.

ஐந்து மணிக்கு ஆய்வாளர் எல்லாரையும் விடுதிக் கூடத்துக்கு வரச் சொன்னார். மிளகு நடுவில் படுத்திருந்தது. அதன் தட்டு, சோற்றோடு, அதன் மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி. மிளகு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெளியே, படிக்கட்டில், தட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்.

“ஒவ்வொருத்தரா இவளைத் தாண்டி நடந்து போங்க. கூப்பிட வேண்டாம், தொட வேண்டாம்,” என்றார் ஆய்வாளர்.

முதலில் டிரைவர். மிளகின் தலை நிமிர்ந்தது. மூக்கு நேரே அவர் சட்டையின் இடது பையைத் தேடிப்போய் நின்றது. அடுத்து அக்கா. மிளகு எழுந்தே விட்டது, வாலும் ஆடியது, பார்வை கைப்பையை விட்டு நகரவில்லை. கடைசியாக மரக்கடைக்காரர். அவர் ஒன்றும் செய்யவில்லை. மிளகு தானாக முன்னால் போய் உட்கார்ந்து, வலது கையின் மூடின விரல்களை நாக்கால் திறக்கப் பார்த்தது.



“விஷம் இல்லை,” என்றார் ஆய்வாளர். “விருந்து.”

பிறகு அவசரமில்லாமல் சொன்னார். மூன்று நாள் பட்டினி கிடந்த நாய்க்குப் பட்டையை உள்ளே இழுத்துக் கட்ட வேண்டும். இங்கே தளர்த்திக் கட்டியிருக்கிறது. தட்டில் வாய் வைக்காத நாய்க்குப் பின்பக்கம் வேலை இருக்காது. மாப்பிள்ளையின் செருப்பு வேறு சொல்கிறது. தட்டுச் சோற்றில் உப்பே இல்லை. ஆனால் நாய் தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்கிறது. உப்பு வேறு எங்கிருந்தோ வருகிறது. “மூணு நாளா இது மூணு வேளையும் சாப்பிடுது. தட்டுல மட்டும் இல்லை.”

டிரைவர்தான் முதலில் உடைந்தார். டீக்கடையில் காலையில், உப்பு தொட்டு, ஒரே ஒரு முட்டை. “ஒரே ஒண்ணுதான் சார். பாக்கவே சகிக்கலை.” அக்கா கைப்பையைத் திறந்தார், கைக்குட்டையில் பொட்டலமாக வறுத்த ஈரல், சுற்றிலும் எறும்பு. மத்தியானத்துக்கு ஒரே ஒரு துண்டு. என் கையால் கொடுத்தால் மட்டும் தின்கிறதே என்று ஒரு சந்தோஷம்.

“என் கையால கொடுத்தாத்தான்னு நான் நினைச்சேனே,” என்றார் டிரைவர்.

கடைசியாக மரக்கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். படுக்கப்போகுமுன் உப்பு பிஸ்கட். ஒரு பாக்கெட். “பாதி பாக்கெட்,” என்று திருத்தினார். யாரும் அவரை நம்பியதாகத் தெரியவில்லை.

முதல் நாள் பயணக் குலுக்கலில் மிளகு தட்டைத் தொடவில்லை. பயந்துபோய் மூவரும் தனித்தனியே ஒளித்து ஊட்டினார்கள். ஊட்டினதால் மறுநாள் தட்டில் வாய் வைக்கவில்லை. வைக்கவில்லை என்று இன்னும் பயந்து இன்னும் ஊட்டினார்கள். வேறு கை ஊட்டக் கூடாது என்ற தட்டுக்காரரின் சட்டம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஒருவரும் மற்றவரிடம் மூச்சு விடவில்லை.

“எப்ப மச்சான் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார் மாப்பிள்ளை, பெருமை தாங்காமல்.

“என் ரூம்லயே. உங்க பாதி பன் எங்க போச்சு மாப்பிள்ளை?”

மாப்பிள்ளைக்குக் காது மடல் வரை சூடேறியது. துண்டின் ஓரத்தில் வெண்ணெய் இன்னும் இருந்தது. “பாவமா இருந்தது,” என்றார், கிட்டத்தட்ட யாருக்கும் கேட்காமல். “கொஞ்சம்தான்.”

“உடம்புக்கு முடியாத நாய் வெண்ணெய் பன்னை அப்படி முழுங்காது.”

மரக்கடைக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தட்டுக்காரர் நிலைக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. “தினம் வயித்தைத் தடவிப் பாக்கிறவன் நான். முதல் நாளே தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“முதலாளி, முதலாளியோட அக்கா, டிரைவர். மூணு பேர் கையிலயும் வாசனை. நான் யாரைத் திருடர்னு சொல்ல?” அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “ஒண்ணு சொல்றேன். நாளைக்கு இவளை ஓட விடாதீங்க. நிறைஞ்ச வயித்தோட பன்றி பின்னால ஓடினா குடல் முறுக்கிக்கும். சாயங்காலத்துக்குள்ள ஆள் இருக்காது. நாளைக்குப் பூரா வெறும் தண்ணிதான். நாளன்னிக்குத் தட்டை வைங்க. தானா வருவா.”

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. தெருமுனையில் பஸ் திரும்புகிற ஹாரன் கேட்டது. அந்தப் பஸ் நேரே அவருடைய ஊருக்கு, மகளிடம் போகிறது என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் அவர் வேலை இல்லை.

தட்டுக்காரர் படியிறங்கினார். மிளகு எழுந்து, வார் இழுக்கும் மட்டும் அவர் பின்னால் போய் நின்றது. அவருடைய பையையோ கையையோ அது மோப்பம் பிடிக்கவில்லை. சும்மா நின்றது.

மரக்கடைக்காரர் தட்டை எடுத்தார். சோற்றை அப்படியே பின்முற்றத்தில் மற்ற மூன்று நாய்களின் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு, காலித் தட்டோடு தெருவுக்கு ஓடினார். இவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடும் என்று மாப்பிள்ளை நினைக்கவில்லை. பஸ் வந்து நின்று உறுமியது. கண்டக்டர் கதவைத் தட்டினார்.

“நாளைக்குப் பூரா ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறீங்க,” என்றார் மரக்கடைக்காரர், மூச்சு வாங்க. “அக்காவால முடியாது. டிரைவரால முடியாது. என்னாலயும் முடியாது, தெரிஞ்சுபோச்சு. கொடுத்துடுவோம்.” தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். “இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள் இருந்துட்டு, நானே வேன்ல கொண்டுபோய் உங்க பொண்ணு வாசல்ல இறக்கி விடுறேன். இதை வாங்கிக்கங்க.”

தட்டுக்காரரின் ஒரு கால் பஸ் படியில் இருந்தது.