பழைய கடைக்கால்

விடியலில் கழுத்துவரை நிரப்பி மூடி வைத்துவிட்டுப் போன குடத்தில், அனுஷியா மதியம் வேலை முடிந்து வந்து பார்த்தபோது நாலு விரல் ஆழத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. மூடி வைத்தது வைத்தபடியே இருந்தது. தரையில் ஈரமில்லை. குடத்தைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்து அடியெல்லாம் தடவிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை. கணவன் பிரபு அன்று முழுக்க உப்பளத்தில் இருந்தான், நடுவில் வீட்டுக்கு வரவில்லை. வெயிலுக்கு வற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மே மாதம். மரக்காணம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வற்றி உப்பாகிக்கொண்டிருந்தது. ஒரு குடம் வற்றாதா?

அந்த வீட்டுக்கு வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. கவர்மெண்டு கட்டிக்கொடுத்த வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்பக்கம் ஒரே கதவு, ஒரே ஜன்னல். தானே புயலில் குடிசை பறந்துபோனதிலிருந்து கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்குக் கிடந்தவர்கள். பட்டா அனுஷியா பெயரில் வந்தது. வாசலுக்கு மேலே, நீலப் பெயின்டில், அவள் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அவள் வம்சத்தில் எந்தப் பெண்ணின் பெயரையும் யாரும் ஒரு சுவரில் எழுதியதில்லை. அவள் வேலை பார்க்கும் இறால் குஞ்சுப் பண்ணையில் இருக்கிற எல்லோருக்கும் அதைப் போனில் படம் எடுத்துக் காட்டியிருந்தாள்.

குடிவந்த அன்று ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரித்தார். தீர்த்தத்தைச் சுவரில் தெளித்தபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். தண்ணீர் வழியவில்லை. ஒவ்வொரு துளியும் பட்ட இடத்திலேயே சுருக்கென்று உள்ளே போனது. புதுப் பூச்சு, அப்படித்தான் குடிக்கும் என்று கொத்தனார் சிங்காரம் சொன்னார்.

வீடு இருந்த மேடு உப்பளத்தின் கடைசியில், ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு அதிகாரி ஒருவன் குடியிருந்த பங்களா அங்கேதான் இருந்ததாம். அதையும் ஊரில் கவர்மெண்டு வீடு என்றுதான் சொல்வார்கள். இடிந்து முள் மூடிக் கிடந்த அந்த மேட்டில் சிங்காரம் கடைக்கால் தோண்டியபோது, இரண்டடி ஆழத்திலேயே பழைய கடைக்கால் தட்டுப்பட்டது. சதுரமாக, நாலு பக்கமும் முழுசாக. "யானை ஏறினாலும் அசையாதும்மா. இதும்மேலேயே ஏத்திட்றேன்," என்று சந்தோஷப்பட்டார். பக்கத்தில் குவிந்து கிடந்த செங்கல்லையும் சுரண்டிச் சுத்தம் செய்து சுவருக்கு வைத்தார். தட்டினால் கல் ஒவ்வொன்றும் வெண்கலம் மாதிரி ஒலித்தது.

மறுநாளும் குடம் வற்றியது. அதற்கு மறுநாள், கடையில் வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீர், சீல் உடைக்காதது, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

பிறகு சுவரில் ஈரம் பூத்தது.

கூடத்துச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கறை. நடுவில் கறுத்து ஈரமாக, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பொரிந்து. அடுத்த நாள் அதே உயரத்தில் இன்னொன்று. வாரக் கடைசியில் மூன்று சுவரிலும் வரிசையாக வந்துவிட்டது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு. துணியால் துடைத்தாள். கறை வெதுவெதுப்பாக இருந்தது. கீழே உட்கார்ந்து துடைக்கும்போதுதான் அந்த உயரம் அவளுக்குப் புரிந்தது. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாய் சரியாக அங்கேதான் வரும்.

துணியைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள்.

வீட்டு வேலையை மேற்பார்வை பார்க்கும் ஓவர்சியர் நிவேதா கடைசிப் படம் எடுக்க வந்தாள். சின்ன வயசுப் பெண். வீட்டுக்காரி வாசலில் நிற்க, வீடு முழுசும் தெரிய எடுத்து அனுப்பினால்தான் வீடு முடிந்ததாகக் கணக்கு. படம் எடுத்துவிட்டு உள்ளே வந்து கறையைப் பார்த்தாள்.

"உப்பு ஏறுதுக்கா. பழைய கல்லுலயா கட்டினாங்க? சிங்காரம் சொல்லவே இல்ல."

"ஏன் மேடம், தப்பா?"

நிவேதா நாலு மூலையையும் பார்த்தாள். போனில் எதையோ தேடி எடுத்துக் காட்டினாள். மஞ்சளடித்த ஒரு பழைய வரைபடம். "தாலுகா ஆபீஸ் ரெக்கார்டுல இருந்திச்சி, அந்தப் பங்களாவோட பிளான். சும்மா ஒரு இன்ட்ரஸ்ட்ல எடுத்து வச்சேன். இதோ முன்னால ஆபீஸ், மாடியில அந்த ஆபீசரு வூடு. பின்னால தனியா ஒரு ரூம் இருக்குது பாருங்க. நீளம், அகலம், எல்லாம் இந்தக் கூடத்தோட அளவுதான். வாசல் கூட இதே பக்கம்." பிறகு, யோசித்தபடி, "ஜன்னல் மட்டும் கெடையாது," என்றாள்.

"அது எதுக்கு ரூமு?"

"தெரிலக்கா. ஸ்டோரா இருக்கும்." போனை அணைத்துவிட்டாள். வண்டியில் ஏறும்போது தண்ணீர் கேட்டாள். கொடுக்க வீட்டில் தண்ணீர் இல்லை.

சாயங்காலம் பிரபுவிடம் கேட்டாள்.

"உப்பளத்துல பேசிக்குவாங்க. அந்தக் காலத்துல உப்பு கவர்மெண்டோடது. கீழ கெடக்கறத நாம வழிச்சி எடுத்தா திருட்டு. குப்பத்து ஜனங்க கொஞ்ச பேர அந்த ரூம்ல போட்டுப் பூட்டிட்டு, சாவிய எடுத்துக்கினு அந்தத் தொர பாண்டிச்சேரிக்கு விருந்துக்குப் போயிட்டானாம். நாலாம் நாள்தான் திரும்பி வந்தான்னு சொல்றாங்க. வெயில் காலம்." உதட்டை நக்கிக்கொண்டான். "கதைதான் அனு. நீ எதையும் மனசுல வச்சிக்காத."

"நாம திரும்ப வாடகைக்கே போயிடலாமா?"

"உன் பேரு எழுதியிருக்குதுடி," என்றான் பிரபு.

அன்றிலிருந்து அவன் குடித்துக்கொண்டே இருந்தான். தண்ணீரைத்தான். சொம்பு சொம்பாக. அப்படியும் உதடு வெடித்தது. சாப்பிடும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றான். ஒரு மதியம் அவள் வரும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நெற்றி சுவரில் படும்படி. கூப்பிட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான். வாயைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. பவுடரா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் பாண்டிச்சேரிக்குப் போவதாக இருந்தது. பெரிய தண்ணீர்த் தொட்டியாக ஒன்று வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றான். அவள் அதிகாலையில் பண்ணைக்குக் கிளம்பும்போது வேலை செய்யும் சட்டையைக் கழற்றி சலவைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு மணிக்குத் திரும்பினாள். காற்று அடங்கியிருந்தது. உப்புக் குவியல்கள் வெயிலில் பற்றி எரிகிற மாதிரி வெளுத்திருந்தன. வரப்பில் ஆளே இல்லை. அந்த நேரத்தில் உப்பளத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். கண்ணைச் சுருக்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தன் காலடியில் உப்பு நொறுங்கும் சத்தத்தை மட்டும் கேட்டபடி மேடேறினாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. பிரபு எப்போதும் பூட்ட மறப்பவன். திட்டிக்கொண்டே தள்ளினாள்.

வெளி வெளுப்புக்குப் பழகிய கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. ஜன்னல் கதவுகள் மூடியிருந்தன. முதலில் வாடை வந்தது. மனித வாடை. வெகுநேரம் திறக்காத வாய்களின், காய்ந்த எச்சிலின், மூத்திரம் காய்ந்த மூலையின் வாடை. பிறகு சத்தம். பசு கன்றை நக்குவதுபோல, சுரசுரவென்று, நாலா பக்கமும்.

சத்தம் நின்றது.

இருட்டு கொஞ்சம் தெளிந்தது. சுவரோரமாக வரிசையாய் முழங்கால்கள்.

அவள் கதவை இழுத்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். கொக்கியில் தொங்கிய பூட்டை அமுக்கினாள். சாவி கையிலேயே இருந்தது. பத்தடி பின்னால் போய், முள்மரத்து நிழலில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். பலமாக இல்லை. கேட்டுக்கொள்கிறவர்கள் தட்டுகிற மாதிரி.

"தண்ணி."

கிழவன் குரல் ஒன்று. பெண் குரல் ஒன்று. தொண்டை வறண்டு ஆணா பெண்ணா என்று தெரியாத குரல்கள்.

"தொர. ஒரு வாயி தண்ணி, தொர."

ஜெபம் சொல்ல முயன்றாள். பிரபுவுக்குப் போன் செய்தாள். சுவிட்ச் ஆஃப். ஊருக்கு ஓடலாம் என்று எழுந்தாள். வரப்புவரை போனாள். அப்போது நினைப்பு வந்தது. இந்த நேரம் பார்த்து அவன் வந்துவிட்டால்? அவனிடமும் ஒரு சாவி இருக்கிறது. நேராகப் போய்த் திறப்பான்.

திரும்பி வந்தாள். கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள். காவல்.

"அனு."

நிமிர்ந்தாள்.

"அனு, நான்தான். கதவத் தொற. தண்ணி குடு."

பிரபுவின் குரல். அச்சு அசல்.

"யாரு அது?"

"நான்தான்டி. ஏன் பூட்டின?"

அவன் பாண்டிச்சேரியில் இருக்கிறான். இது அவன் இல்லை. "நீ அவருன்னா ஜன்னலத் தொற," என்று கத்தினாள். "தொறந்து மூஞ்சியக் காட்டு!"

உள்ளே கை சுவரைத் தடவும் சத்தம். மெதுவாக ஒரு மூலைவரை போனது. திரும்பி வந்தது. அடுத்த சுவர். அடுத்தது.

"ஜன்னலா?" என்றது குரல், குழம்பி. "இங்க ஜன்னலே இல்லியே அனு."

அந்த ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்ததே பிரபுதான். அவளால் அதை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. நீலம்.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் நகர்ந்தது. குரல் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர்கள் கல்யாணத்தன்று பெய்த மழையைச் சொன்னது. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னது. அவள் அசையவில்லை. மூன்று மணிக்கு மேல் பெயர் தேய்ந்தது. அம்மா என்றது. நாலு மணிக்குத் தொர என்றது. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவனில்லை என்பது நிச்சயமாயிற்று.

ஐந்தரைக்குத் தட்டுவது நின்றது. பிறகு நக்கும் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

பொழுது சாயும்போது வரப்பில் ஒரு வண்டி வந்தது. சிங்காரம். வண்டிப் பையில் ஒரு பெரிய பாட்டில்.

"இன்னாம்மா வெளிய குந்தியிருக்க? எப்டி இருக்காரு இப்ப?"

"யாரு?"

"உன் வூட்டுக்காரருதான். காலையில பஸ் ஸ்டாண்டாண்ட மயங்கி வுழுந்துட்டாரும்மா. நான்தான் வண்டியில ஏத்தியாந்து, வெளிச்சம் கண்ணுல குத்துதுன்னாருன்னு ஜன்னலச் சாத்திப் படுக்க வச்சிட்டுப் போனேன். போனும் வுழுந்து உடைஞ்சிபோச்சி. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வரமாட்டேன்னுட்டாரு. அனு வந்துடுவா, அவ பாத்துக்குவான்னாரு." பாட்டிலை நீட்டினார். "குளுக்கோஸ் தண்ணி. குடு."

அவளுக்கு எழுந்ததும் ஓடியதும் தெரியாது. சாவி துவாரத்தில் நுழையவில்லை. மறுபடி குத்தினாள். நுழைந்தது. திறந்தது.

கடைசி வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. பிரபு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆள் நெருக்குவதுபோல உடம்பைக் குறுக்கிக்கொண்டு. உதடுகள் பிளந்து வெள்ளையாக இருந்தன. எதிர்ச் சுவரில் பூச்சே இல்லை. செங்கல் தெரியும்வரை நக்கப்பட்டிருந்தது.

"பிரபு," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். சுவரோடு ஒண்டிக்கொண்டு கைகூப்பினான்.

"நான் உப்பு எடுக்கல தொர."

"ஐயோ, நான்தாங்க. அனு. குடிங்க." பாட்டிலைத் திறந்து அவன் கையில் திணித்தாள்.

இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டான். வாய்வரை கொண்டுபோனான். நிறுத்தினான். குடிக்கவில்லை. பக்கத்தில் நீட்டினான், யாருமில்லாத வெறும் இருட்டில்.

கையை விட்டான்.

பாட்டில் விழவில்லை. அந்தரத்தில் சாய்ந்தது. ஒரு மிடறு குறைந்தது. ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி சாய்ந்தது. அடுத்த முழம். அடுத்தது. மூலையில் திரும்பி, இரண்டாவது சுவரோரமாக, யாரும் அவசரப்படாமல், யாரும் கூடுதலாகக் குடிக்காமல், மூன்றாவது சுவர் முடியும்வரை போனது. வாசலில் நின்று சிங்காரமும் பார்த்தார்.

காலி பாட்டில் அவள் காலடியில் வந்து நின்றது. நிமிர்ந்து, நேராக.

பிறகு இருட்டில், சுவர் நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளங்கைகள் கூப்பும் ஓசை.