சாணித் தொட்டிப் பிள்ளைகள்

எங்கள் குடும்பத்தார் சொன்ன சொல் தவறினார்கள் என்று கோவளத்தில் யாரும் பேசியதில்லை. எழுபத்தாறாம் ஆண்டில் ஒருமுறை மட்டும் அப்படிப் பேச இருந்தார்கள். அதைத் தடுத்தவள் என் தம்பி மகள் லத்தீஃபா. அப்போது அவளுக்குப் பத்து வயது.

என் தம்பி ஷஃபியுல்லா ஆறு எருமைகள் வைத்துப் பால் விற்றுவந்தான். சாணம் கொல்லையில் குவிந்துகிடக்கும். மழை பெய்தால் கரைந்து தெருக்கிணற்றுப் பக்கம் ஓடும்.

மீன் வியாபாரி சாலமோன் ஒருநாள் தெருவாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாய், கிணத்துத் தண்ணி நாறுது. எருமைங்கள வித்துடு."

ஷஃபியுல்லா முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"சாணி வெளிய போவாம தொட்டி கட்றேன். அதுலேர்ந்து கேஸ் வரும். மார்ச்சு மாசம் மொத வெள்ளிக்கிழமை, தொழுகை முடிஞ்சதும் எல்லாரும் வாங்க. அந்த கேஸ்ல டீ போட்டுத் தரேன். அடுப்பு எரியலன்னா எருமைங்கள வித்துடறேன். இது என் வாக்கு."

தொட்டி கட்டித்தர செங்கல்பட்டிலிருந்து கோபாலகிருஷ்ணன் என்ற அதிகாரி வந்தார். லத்தீஃபா அவர் பின்னாலேயே சுற்றினாள்.

"இந்தச் சாணியில கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கா இருக்கும்மா," என்றார் அவர். "காத்துப் புகாத தொட்டிக்குள்ள அதுங்க சாணியைத் தின்னு எரிவாயு விடும். வாயு சேரச் சேர இந்த இரும்பு மூடி மேலே எழும்பும்."

"அதுங்களுக்கு இன்னா வேணும் சார்?"

"சோறு வேணும், சூடு வேணும். தொந்தரவு மட்டும் கூடாது. தயிர் மாதிரிதான். பழைய தொட்டியிலேர்ந்து கொஞ்சம் உறை ஊத்தினா சீக்கிரம் பெருகும். கேளம்பாக்கத்துல தர்மராஜ்னு ஒருத்தர் தொட்டி வெச்சிருக்கார்."

அவரிடமிருந்தே உறை வாங்கி ஊற்றினார்கள். அன்றிலிருந்து தொட்டிக்குள் இருந்தவை லத்தீஃபாவின் பிள்ளைகள் ஆயின. மூடி எழும்பியது. ஒருநாள் அடுப்பு நீலமாக எரிந்துகூடக் காட்டியது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்போது மூடி இறங்கத் தொடங்கியது.

லத்தீஃபாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூடியில் சாக்கட்டியால் கோடு போட்டாள். காலையில் பார்த்தாள். பள்ளி இடைவேளையில் ஓடிவந்து பார்த்தாள். கோடு கீழேதான் போனது.

"பெஞ்சுல முள்ளா இருக்கு?" என்று தெய்வநாயகி டீச்சர் கேட்டார்.

"வூட்ல புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்ல டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் தொட்டியருகே குந்தியிருந்தபோது, எருமைக் கொட்டகையிலிருந்து தொட்டிக்குச் சாணம் கரைத்து விடும் வாய்க்காலில் பால் போல வெள்ளையாகத் தண்ணீர் வந்தது. மூக்கைத் துளைக்கும் வாசனை. உள்ளே அவள் அம்மா பதருன்னிசா துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"பினாயில். தெருவே வரப்போவுது. நம்ம வூட்ட ஒருத்தர் கொறை சொல்லக் கூடாது. ஒரு வாரமா ரெண்டு வேளையும் போட்டுக் கழுவிக்கினு கீறேன்."

லத்தீஃபா பாட்டிலை எடுத்துப் படித்தாள். 'கிருமிகளை அடியோடு அழிக்கும்.' திரும்பித் தொட்டியைப் பார்த்தாள்.

அன்று மாலை இரண்டு கொட்டாங்கச்சிகளில் பால் ஊற்றி உறை விட்டாள். ஒன்றில் மட்டும் பினாயில் சில சொட்டு. காலையில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒன்று கெட்டித் தயிர். இன்னொன்று உறையவே இல்லை.

பதருன்னிசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலயே கெடுத்துட்டேனா? அத்தாகிட்ட சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் லத்தீஃபா. கொட்டாங்கச்சிகளை மண்ணில் புதைத்தாள். "எழுந்திரும்மா. உறை கொண்டாரணும்."

சனிக்கிழமை இருவரும் கேளம்பாக்கம் போனார்கள். தர்மராஜ் ஒரு வாளி நிறைய கருப்புக் குழம்பு கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில், தெருவிலேயே சுத்தக்காரி என்று பேர் வாங்கிய பதருன்னிசா மடியில் சாணி வாளியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

கண்டக்டர் மூக்கைப் பிடித்தார். "இன்னாம்மா அதுல?"

"உறை."

"எந்த மாட்டுத் தயிருக்கும்மா இப்டி ஒரு உறை?"

"எருமைத் தயிருக்கு, அண்ணாத்த," என்றாள் லத்தீஃபா. பஸ்ஸே சிரித்தது. பதருன்னிசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். வாளியை விடவில்லை.

ஷஃபியுல்லா பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில், பினாயில் கலந்த மேல்தண்ணீரை முடிந்தவரை இறைத்துக் கடற்கரை மணலில் குழி வெட்டி ஊற்றினார்கள். புதுச் சாணம் கரைத்து, உறை ஊற்றினார்கள்.

"மறுபடி எதுக்கு உறை?" என்றான் ஷஃபியுல்லா.

"சீக்கிரம் பெருகும்னு சார் சொன்னாரே, அத்தா."

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். அதுதான் அவளுக்கு வராது. ஐந்து நாள் கோடு அசையவில்லை. ஷஃபியுல்லா எருமைகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். எட்டாம் நாள் கோடு ஒரு விரற்கடை ஏறியது. லத்தீஃபா கொல்லையை மூன்று சுற்று ஓடினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், கொட்டகையில் வைத்திருந்த அடுப்பைப் பார்க்கத் தெருவே வந்தது. ஷஃபியுல்லா குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தான். குச்சி அணைந்தது.

"எருமைக்கு வெல பேசலாமா பாய்?" என்றார் சாலமோன்.

"கடல் காத்து அடிக்குது அத்தா, குழாய மூடு," என்று லத்தீஃபா முறத்தைக் கொண்டுவந்து மறைத்துப் பிடித்தாள். "இப்போ கொளுத்து."

முதலில் குச்சியை நீட்டி, பிறகு குழாயைத் திறந்தான். நீலப் பூப்போலச் சுடர் விரிந்தது. கொஞ்ச நேரத்தில் டீ வாசனை எழுந்தது.

சாலமோனின் கை தவறி டீ தரையில் கொட்டியது. "மன்னிச்சுக்க தங்கச்சி, நானே கழுவிடறேன்," என்று அவர் மாடத்தில் இருந்த பினாயில் பாட்டிலை எடுத்தார்.

"ஐயோ, அத தொடாதண்ணே!" பதருன்னிசா கத்திவிட்டாள். "உள்ள கீற புள்ளைங்க செத்துப்பூடும், போன வாட்டி மாதிரி..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன வாட்டியா? இன்னா ஆச்சு?" என்றார் சாலமோன்.

ஷஃபியுல்லா பாட்டிலைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். முறத்துக்குப் பின்னால் ஒளிந்த மகளைப் பார்த்தான். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"எங்க வூட்ல ஒண்ணும் ஆவல. லத்தீஃபா, சாலமோனுக்கு இன்னொரு டீ குடு."