குக்கர்லேருந்து பயம்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடைசியாக இருந்த கோதுமை நூடுல்ஸ் பாக்கெட்டை இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பற்றின. ஒன்று மதுமதியின் கை. இன்னொன்று, மழையில் தொப்பலாக நனைந்து நின்ற ஒரு நெட்டையனுடையது.

"விட்டா பிடுங்கிட்டே போயிடுவான் போலிருக்கு..." என்று முணுமுணுத்தாள். மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவள் அவள். டெல்லியில் தமிழில் திட்டினால் யாருக்கும் புரியாது என்று ஒரு தைரியம்!

"பிடுங்க மாட்டேங்க" என்றான் அவன்.

அச்சச்சோ! நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால்... இமையில் மழைத்துளி தொங்க, சிரிக்கும் கண்கள். இப்படிக் கண்ணை வைத்துக்கொண்டு ஒருவன் சண்டைக்கு வரலாமா?

பெயர் ஆல்பர்ட். டெல்லி கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். டெங்குவிலிருந்து தேறிவரும் அவன் அம்மாவுக்குக் கஞ்சி வெறுத்துவிட்டதாம். சிக்கன் நூடுல்ஸ் கேட்கிறாராம். டாக்டரோ எண்ணெயும் காரமும் கூடவே கூடாது என்கிறாராம்.

"இதுக்கா முழிக்கிறீங்க? சிக்கனை எலும்போட, இஞ்சி பூண்டு மிளகு தட்டிப் போட்டு குக்கர்ல வேக வைங்க. அந்தச் சாறுலயே நூடுல்ஸ், கேரட், பீன்ஸ். பாக்கெட்டுல வர்ற மசாலாவைக் குப்பையில போடுங்க. அவ்வளவுதான்!"

"எனக்கு குக்கர்லேருந்து பயம்" என்றான் பாவமாக.

மதுமதி விழித்தாள். பிறகுதான் புரிந்தது. ஹிந்தியில் 'லேருந்து' என்பதற்கும் 'ஸே', எதையாவது கண்டு பயந்தாலும் 'ஸே'. அந்த 'ஸே' வரும் இடத்திலெல்லாம் இவன் தமிழில் 'லேருந்து' போடுகிறான்!

"குக்கர்லேருந்து ஆவிதாங்க வரும், பயம் வராது!"

அவனும் சேர்ந்து சிரித்தான். பாக்கெட்டை அவனுக்கே விட்டுக்கொடுத்தாள். கூடவே அவளுடைய போன் நம்பரும் போனது.

அன்று மாலை வீடியோ காலில் சமையல் பாடம். அவள் சொல்லச் சொல்ல அவன் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தான். அறைத்தோழி ஷ்வேதா எட்டிப் பார்த்து, "ஓ... குக்கர்லேருந்து பயப்படுற ஹீரோ இவர்தானா?" என்று கத்தினாள். மதுமதியால் அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆல்பர்ட்டின் முகம் சுருங்கியது. "ஓகே மேடம். தேங்க்யூ. ஐ வில் மேனேஜ்."

அவ்வளவுதான். அதன் பிறகு வந்த செய்திகள் எல்லாம் ஆங்கிலம். பிறகு அதுவும் நின்றது. ஒரு சிரிப்புக்குப் போய் இத்தனை கோபமா என்று அவளுக்கும் வீம்பு. ஆனாலும் ஆசையாகத் தமிழ் பேச வந்தவனின் வாயை அடைத்துவிட்டோமே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. இனி அவன் பேசவே மாட்டானோ...?

ஞாயிறன்று அவன் நம்பரிலிருந்து அழைப்பு. பேசியது அவன் அம்மா.

"மதுமதியாம்மா? இங்க ஒருத்தன் தினம் கண்ணாடி முன்னாடி நின்னு தமிழ் பேசிப் பாக்குறான். என்னால கேக்க முடியல. நீயே வந்து என்னன்னு கேளு கண்ணு."

வீம்பாவது ஒன்றாவது! அவர் சொன்ன விலாசத்துக்கு மெட்ரோ பிடித்து ஓடினாள்.

சமையலறையில் மிளகும் இஞ்சியும் மணத்தன. குக்கர் விசிலடிக்க, ஓரடி பின்வாங்கி நின்றான் ஆல்பர்ட். வாசலில் அவளைப் பார்த்ததும் இன்னும் ஓரடி.

"நான் சிரிச்சது தப்புங்க" என்றாள் அவசரமாக. "உங்க தமிழ் எனக்குப் பிடிக்கும். அதைக் கேக்காம... பொழுதே போகல."

அவன் குக்கரை இறக்கி, அந்தச் சாறிலேயே நூடுல்ஸை வேகவிட்டான். வெந்ததும் ஒரு கிண்ணத்தில் எடுத்து நீட்டினான். ஒரு வாய் சாப்பிட்டாள். உப்பு குறைவு. அவள் சொல்லவில்லை.

"நிறைய பிராக்டிஸ் பண்ணேன்... இப்போ எல்லாம் மறந்துபோச்சு. சிரிக்கக் கூடாது, அச்சா?"

"மாட்டேன்."

"உங்ககிட்டேருந்து... எனக்குக் காதல் ஆயிடுச்சு."

மதுமதி சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தப்பா சொல்லிட்டேனா?" என்று பதறினான்.

"இல்ல ஆல்பர்ட்... எனக்கும் உங்ககிட்டேருந்துதான் ஆச்சு."