எடுக்காத படையல்

தீனி போட்டால் மீன் வரவேண்டும். அன்று காலை தமிழினி ஸ்டூலில் ஏறி நின்று, தொட்டி மூடியின் ஓரத்தைத் தூக்கித் தீனியைத் தூவியபோது ஒன்றுகூடத் திரும்பவில்லை. தீனி செதில் செதிலாக மிதந்து, நனைந்து, வெள்ளைப் பாறைகளின் இடுக்கில் மெல்ல இறங்கியது. ஒன்பது மீனும் மறுகோடியில், பூட்டிய அறையைப் பார்த்த கண்ணாடியில் வாயை வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"கோச்சுக்கிருச்சாம்மா?"

"பசிக்கலை போல ஆத்தா. நீ வெரசா எறங்கு, ஸ்கூல் வேன் வந்துரும்."

பானுப்பிரியா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஒரு வருடமாக எல்லாமே அப்படித்தான். போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருடம். மூக்கருகே ஒரு காயைக் கொண்டுபோனால் பழைய சரக்கா புதுச் சரக்கா என்று சொல்லிவிடுகிற பெண். போன ஆடியில் அவள் மகன் வந்த ஜீப்பு போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் உருண்டது. அன்றோடு அவளுக்கு வாசனை போயிற்று. அழுகையும் வரவில்லை. "அழுதுரு பானு, அழுதுட்டா நல்லது" என்று ஊரே சொல்லிப் பார்த்தது. முயன்றும் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுவதும் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

தொட்டி அந்த மகனுடையது. சூர்யபிரகாஷ். பதினெட்டு வயது. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு அவனுக்குக் கடல் வேண்டுமாம். இரண்டு வருடம் கணக்கு நோட்டில் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் போட்டான். அஞ்சடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். தன் அறைச் சுவரை உடைத்து, தொட்டியின் ஒரு முனையை அந்தத் திறப்பில் பொருத்த வேண்டும். மீதித் தொட்டி ஹாலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சோபாப் பக்கம் அப்பாவுக்கு, சமையலறைப் பக்கம் அம்மாவுக்கு, ஹாலைப் பார்த்த முனை தங்கச்சிக்கு. நான்காவது பக்கம், அறைக்குள், கட்டிலில் கிடந்தபடி பார்க்க அவனுக்கு.

"பாக்குறவங்க கண்ணு ஒசரத்துக்குத்தாம்மா தொட்டி நிக்கணும்" என்று சொல்லி, ஒவ்வொருவரையும் தன் அறைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திக் கண் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டான். பக்கத்தில் எழுதியும் வைத்தான்: அப்பா, நான், அம்மா, தமிழினி. நான்கு கோடும் இன்னும் நிலையில் இருந்தன.

அவள் கணவன் லிங்கேஸ்வரன் அப்போது, "இந்த சீசன் காய் எறங்கட்டும், பாப்போம்" என்றான். காயை இறக்கிவர மகனை மேலே எஸ்டேட்டுக்கு அனுப்பியதும் அவன்தான். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனான்.

தொட்டி கட்ட வந்த அருள்பாண்டி நல்ல பையன். நோட்டைப் பார்த்துவிட்டு, "மூணு பக்கம் போதும் சார். அந்தப் பக்கம் கருப்பு ஒட்டிரலாம், எதுக்குச் செவுத்த உடைச்சுக்கிட்டு" என்றான்.

"புள்ள நாலு பக்கம்னு போட்டிருக்கான்."

அருள்பாண்டி சுவரை உடைத்தான். உப்புக் கரைத்து, பாறை அடுக்கி, தண்ணீர் நிறைத்த பிறகும் ஐந்து வாரம் மீன் விடவில்லை. ஒரு வலைப்பைக்குள் பச்சை இறாலைப் போட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிட்டான். "ஏதாச்சும் ஒண்ணு அழுகணும்க்கா. அப்பத்தான் தண்ணி உசிரத் தாங்கும்." தமிழினி மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். பானுப்பிரியாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றும் அவன் சொல்லிக்கொடுத்தான்: "தெனம் ஒரு விரக்கடை வத்தும். உப்பு வத்தாது, தண்ணிதான் வத்தும். நல்ல தண்ணி ஊத்தி, கண்ணாடியில நான் போட்ட கோட்டுக்குக் கொண்டாந்துரணும்க்கா. மறந்துராதீக."

வருசத் தெவசத்தன்றுதான் மீன் விட்டார்கள். அதே நாள், அதே அறையில், தொட்டியின் நான்காவது பக்கத்துக்கு முன்னால் இலை போட்டு அவனுக்குப் பிடித்த பரோட்டாவும் கோழியும் வைத்தார்கள். நீலச்சட்டை எடுத்து வைத்தார்கள். பிறகு வழக்கம்போல எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வந்தவர் சாப்பிட நேரம் கொடுத்து, கனைத்துவிட்டு, உள்ளே போய் இலையை எடுக்க வேண்டும். எடுத்தால்தான் வந்தவர் கிளம்புவார். அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. இலையை எடுத்தாயிற்று. சட்டையை ஒரு ஏழைப் பையனுக்குக் கொடுத்தாயிற்று. அப்போதுதான் அவள் கேட்டாள்.

"இதையும் அவனுக்குன்னுதான வச்சோம். வச்சத எடுக்கணும்ங்க."

"எழுநூறு லிட்டர் தண்ணி பானு. இலையா இது, சுருட்டி எடுக்க?"

அறையைப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடி ஊக்கில் மாட்டிக்கொண்டாள். அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

வேன் போனதும் அருள்பாண்டிக்குப் போன் செய்தாள். அவன் சிரித்தான். "மீனுக்கு என்னக்கா தெரியும். யாரு தீனி போடுறாங்களோ அவங்க பக்கந்தான் நிக்கும். அந்தப் பக்கம் வீட்டுல யாரோ போடுறாங்க."

"அந்த ரூம்பு பூட்டிக் கிடக்குப்பா. சாவி எங்கிட்ட இருக்கு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "அப்பத் தெரியலக்கா" என்றான்.

அறையைத் திறந்தாள். கட்டில், மின்விசிறி, சுவரில் தெரியும் நீலச் சதுரம். ஆடிக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு மங்கலான தடம். மூக்கை வைத்து அழுத்திப் பார்த்தால் பதிகிற எண்ணெய்த் தடம். தமிழினி ஹால் பக்கம் தினமும் இப்படித்தான் பதித்து வைப்பாள், இவள் தினமும் துடைப்பாள். இந்தத் தடம் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நிலையில் இருந்த 'நான்' என்ற கோட்டை அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் பார்த்தாள். பிறகு முந்தானையால் துடைத்துவிட்டு வெளியே வந்து பூட்டினாள். பயம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

மறுநாள் அதே இடத்தில் மறுபடி இருந்தது. அதற்கு மறுநாள் இரண்டு இருந்தன. இரண்டாவது ஓரடி கீழே, சின்னதாக.

அன்றுதான் அவளுக்கு உள்ளே எதுவோ அசைந்தது. ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இன்னொன்றைக் கொடுக்க அவளிடம் தெம்பில்லை. கணவன் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். லிங்கேஸ்வரன் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நாந்தான் அவன மேல அனுப்புனேன் பானு."

"தெரியும்."

"எடுத்துரலாம். சனிக்கிழமை அருள்பாண்டிய வரச் சொல்றேன். அதுவரைக்கும் புள்ளைய இந்தப் பக்கம் விடாத."

விடவில்லை. இரண்டு நாளும் தமிழினியைத் தன் பாயிலேயே, முந்தானை முடிச்சில் விரல் கோத்துப் படுக்கவைத்தாள்.

சனிக்கிழமை மதியத்துக்குமேல் சாரல் பிடித்தது. மலை காணாமல் போய்விட்டது. அருள்பாண்டி மீனைக் கொண்டுபோக டிரம்மோடு குட்டியானை வண்டியில் வந்துகொண்டிருந்தான். தெரு தெரியாமல் நிற்பான் என்று லிங்கேஸ்வரன் மெயின் ரோட்டுக்குப் போயிருந்தான். தமிழினி சமையலறை வாசலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கிரேயான் தாளில் உரசுகிற சத்தம், அடுப்பில் பால், ஹாலில் தொட்டியின் பம்பு ஓயாமல் முனகுகிற சத்தம், ஓட்டில் சாரல். பானுப்பிரியா பாலைப் பார்த்தபடி உரசல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தம் இருக்கும்வரை பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

கரண்டு போயிற்று. பம்பு நின்றது. வீடு திடீரென்று பெரிதானது போலிருந்தது. இன்வெர்ட்டர் தட்டித் தடுமாறித் தொட்டிக்கு மட்டும் நீல வெளிச்சம் கொடுத்தது. பால் பொங்கியது. அடுப்பை அணைத்தாள்.

கிரேயான் சத்தம் இல்லை.

"ஏ ஆத்தா."

வாசலில் தாள் கிடந்தது. நீலக் கிரேயான் உருண்டு ஹாலுக்குள் போயிருந்தது. ஸ்டூலுக்கு அடியில் சின்னச் செருப்பு இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்ந்திருந்தன. ஸ்டூலில் யாருமில்லை. மீன்கள் மறுகோடியில் நின்றன. ஒரே கூட்டமாக இல்லை. மேலே ஐந்து. ஓரடி கீழே நான்கு.

அவள் தமிழினியின் இடத்தில் நின்று, அஞ்சடித் தண்ணீரின் ஊடாக அறைக்குள் பார்த்தாள். வால்களுக்கு நடுவே, அந்தப் பக்கக் கண்ணாடியில் ஒரு சின்ன மூக்கு வெளுத்துச் சப்பையாக அழுந்தியிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று.

பூட்டு பூட்டியபடி தொங்கியது.

ஊக்கிலிருந்து சாவி வரவில்லை. இழுத்ததில் ரவிக்கை கிழிந்தது. திறந்தாள். அறையில் ஒருவருமில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினாள். கண்ணாடி வழியாக ஹால் தெரிந்தது. ஸ்டூலில் தமிழினி நின்றுகொண்டிருந்தாள், மூக்கை அழுத்திக்கொண்டு. அப்பாடா என்று மூச்சு வந்தது. பிள்ளை ஹாலில்தான் இருக்கிறது. அவள் தோளுக்குப் பக்கத்தில் உயரமாக ஒருவன் குனிந்து நின்றான். நீலச்சட்டை.

ஓடினாள். ஹால் காலி. ஸ்டூல். செருப்பு. தண்ணீருக்கு அந்தப் பக்கம், அறைக்குள், இரண்டு முகம்.

திரும்ப ஓடினாள். அறை காலி. ஹாலில் இரண்டு முகம்.

மறுபடி. மறுபடி.

எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை மறுபக்கம்.

ஆறாவது முறை அறைக்குள் வந்ததும் ஓட்டத்தை விட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் அதுவும் போய்விடும் என்று தோன்றியது.

கேட் திறந்தது. "பானு, கதவு ஏன் தொறந்து கிடக்கு" என்று லிங்கேஸ்வரனின் குரல் ஹாலுக்குள் வந்தது. டிரம் உருளும் சத்தம். "இங்கிட்டு வைய்யி அருள்பாண்டி. முதல்ல தண்ணியக் கொற, பெறகு மீன் புடிக்க லேசா இருக்கும்." குரல்கள் ஹாலில் இருந்தன. கண்ணாடியில் தெரிந்த ஹாலில் அவர்கள் இல்லை. அங்கே அவள் பிள்ளைகள் இரண்டும்தான் நின்றன. மேலிருந்து ஒரு பச்சைக் குழாய் தண்ணீருக்குள் பாம்பாக இறங்கியது.

தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

விளிம்பிலிருந்து ஒரு விரல் இறங்கியது. இறங்கிய இடத்தில், வெறும் கண்ணாடி வழியாக, ஹால் வேறாகத் தெரிந்தது. லிங்கேஸ்வரனின் தோள் தெரிந்தது, அருள்பாண்டியின் கை தெரிந்தது. தண்ணீருக்குக் கீழே மட்டும் பிள்ளைகள். இரண்டு விரல். நான்கு விரல். சூர்யாவின் நெற்றி இருந்த இடத்தில் தகப்பனின் சட்டைப் பொத்தான் வந்தது. சூர்யா குனிந்தான். தண்ணீர் மேலும் இறங்கியது. அவன் இன்னும் குனிந்து, கண்ணைத் தங்கச்சியின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். தமிழினி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உச்சந்தலை ரிப்பன் தண்ணீர்மட்டத்தைத் தொட்டது. பாதி ரிப்பன் போயிற்று.

ஒரு வருடமாக அவள் தொண்டையில் நின்றிருந்த சத்தம் அப்போது வந்தது.

"எடுக்காதீங்க! எடுக்காதீங்கய்யா! எம்புள்ள உள்ள இருக்கா!"

தண்ணீர் நின்றது.

ஊரே தேடியது. போலீஸ் தேடியது. கிணறுகளில் ஆள் இறங்கினார்கள். மேலே எஸ்டேட் வரைக்கும் ஜீப்பு போய் வந்தது. மூன்றாம் நாள் லிங்கேஸ்வரன் அறைக்குள் வந்து, அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் ஒருமுறை பார்த்தான். அதன்பிறகு அவன் தேடப் போகவில்லை. தினமும் காலையில் இருபது லிட்டர் நல்ல தண்ணீர்க் கேன் ஒன்றை அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். உள்ளே வருவதில்லை.

ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. காற்றில் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது. விளிம்புவரை நிறைத்தும் பார்த்தாள். ரிப்பனுக்கு மேலே ஊற்றிய தண்ணீரெல்லாம் விடிவதற்குள் போய்விடுகிறது. அதற்குக் கீழேயும் ஒரு விரற்கடை. எழுந்ததும் சொம்பை எடுத்து, தண்ணீர்க்கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, பிள்ளையின் புருவம் மறைகிறவரை, நெற்றி மறைகிறவரை, ரிப்பன் மறைகிறவரை ஊற்றுகிறாள். கை மரத்துப்போகிறது. ஊற்றி முடித்ததும் தன் பக்கத்தில் தீனியைத் தூவுகிறாள்.

மீன்கள் வருவதில்லை. அவை ஹாலைப் பார்த்த மறுகோடியில், அந்த இரண்டு முகத்துக்கு முன்னால், இரண்டு கூட்டமாக நிற்கின்றன. அங்கே ஒரு நீலச்சட்டைக் கை மூடியின் ஓரத்தைத் தூக்குகிறது. ஒரு சின்னக் கை, விரல்நுனியில் கிள்ளி, தூவுகிறது.