வலித்தால் கையைத் தூக்கு

அவளை வீட்டில் எல்லோரும் அரட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பேருந்து ஓட்டும் அப்பாவும் அப்படித்தான். "அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கு" என்பாள் அம்மா.

அக்கா பல் மருத்துவர். அப்பாவின் பல்லைப் பார்க்க உட்காரவைத்து, "வலிச்சா கையைத் தூக்குங்கப்பா" என்பாள். வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா கையைத் தூக்கிவிடுவார். வீடே சிரிக்கும்.

போன மழைக்காலத்தில் அப்பா திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகு அரட்டை அதிகம் பேசுவதில்லை.

இன்று பள்ளி விடுமுறை. அம்மா வேலைக்குப் போய்விட்டதால், அக்கா அவளைத் தன் கல்லூரிக்கு அழைத்து வந்திருந்தாள். அக்கா அங்கே மேற்படிப்பு படிக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் பீரோ உயரத்துக்கு ஓர் இயந்திரம் நின்றது.

"தாடை உடைஞ்சவங்களுக்குத் தகடு வெச்சு முடுக்குவாங்க. அது எவ்வளவு பாரம் தாங்கும்னு இதுல அழுத்திப் பாப்போம்" என்றாள் அக்கா.

"நிஜ எலும்பையா?"

"சேச்சே. ஸ்கேனைப் பாத்துச் செஞ்ச பிளாஸ்டிக் தாடை. உடையற வரைக்கும் அழுத்தணும்."

தட்டில் ஒரே ஒரு தாடை மீதி இருந்தது. அரட்டை அதை எடுத்தாள். கீழ்ப்பல் ஒன்று பக்கத்துப் பல்லை இடித்துக்கொண்டு முந்தி நின்றது. அந்தப் பல்லை அவளுக்குத் தெரியாதா?

"அக்கா, இது அப்பாவோடதா?"

அக்கா தலையாட்டினாள். "போன வருஷம் ஸ்கேன் குடுத்தாரு. மத்ததெல்லாம் முடிச்சிட்டேன். இதை வைக்க மட்டும் கை வரல. வேற யாரோட ஸ்கேனாவது கேட்டு வாங்கிக்கலாம்னு பாக்கறேன்."

அதைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றுதான் அரட்டைக்கும் தோன்றியது. ஆனால் ஸ்கேன் எடுத்த அன்று அப்பா அடித்த பெருமை ஞாபகம் வந்தது.

"பேசிப் பேசியே உரமேறின தாடை இதுன்னாரே அப்பா. எவ்வளவு தாங்குச்சுன்னு மறக்காம சொல்லணும்னும் கேட்டாரே, அக்கா."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அரட்டை இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானருகே போய் நின்றாள்.

"இதை அமுக்கினா நின்னுடுமா?"

"ம்."

"அப்ப நீ மிஷினைப் போடு. வலிச்சா கையைத் தூக்கு. நான் நிறுத்திடறேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாடையைப் பொருத்தினாள். இயந்திரத்தின் அழுத்தும் பகுதி மெல்ல இறங்கியது. உடனே அக்காவின் கை மேலே போனது. அரட்டை பொத்தானை அமுக்கினாள்.

"இன்னும் தொடவே இல்லையே. நீயும் அப்பா மாதிரியே பண்றே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அக்கா மறுபடி இயந்திரத்தைப் போட்டாள். திரையில் எண்கள் ஏறின.

"மத்ததெல்லாம் இந்நேரம் உடைஞ்சிருச்சு" என்றாள் அக்கா மெதுவாக.

எண்கள் இன்னும் ஏறின. பிறகு படக்கென்று ஒரு சத்தம்.

அக்காவின் கை கீழேதான் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அரட்டை ஒரு கையை நேராக உயர்த்தியபடி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ரொம்ப வலிக்குதாடி?"

அரட்டை தலையாட்டினாள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பாதான் முதலிடம் என்று அம்மாவிடம் சொல்லவேண்டும். அழாமல் அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.