இரண்டாம் சரணத்தில் முந்தி வந்த குரல்

இதுவரை ஒரு வரியையும் அச்சில் கண்டிராதவர் கதை எழுதத் துணிவது மிகையான செயல் என்பதை அறிந்தே இதைத் தொடங்குகிறேன். வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இதில் வரும் கருவிகளின் நுட்பங்களை விளக்கும் தகுதி எனக்கு இல்லை. அக்கருவிகளின் முன்னே அமர்ந்திருந்த ஓர் அம்மையாரைப் பற்றி மட்டும் என்னால் இயன்ற அளவில் சொல்கிறேன். குற்றங்குறை இருப்பின் அது கதையுடையது அன்று, என்னுடையது.

கோவில்பட்டியில் ஒருகாலத்தில் தீப்பெட்டி அடைத்த நீண்ட கொட்டகைகளில்தான் தென்மாவட்ட ஒலிக்களஞ்சியம் இயங்கிவந்தது. காலை எட்டு மணிக்கு மின்பங்கீடு தொடங்கும். பியூலா அதற்கு முன்பே வந்து, மேசையைத் துடைத்து, ஏட்டில் செவிப்பொறி என்றும் வாய்ப்பேச்சில் ஹெட்போன் என்றும் வழங்கிய அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். விளக்கு எரிந்ததும் அன்றைய முதல் ஆல்பம் திரையில் வரும்.

அன்று வந்தது ஒரு திருமண வரவேற்பின் மெல்லிசைக் கச்சேரி. எந்த ஊர்த் திருமணமோ, யார் பிள்ளையோ தெரியாது. கோப்புறையின் பெயர் ‘நியூ ஃபோல்டர் மூன்று’. உள்ளே ‘டிராக் ஒன்று’ முதல் ‘டிராக் பன்னிரண்டு’ வரை பெயரில்லாப் பாட்டுகள். பியூலா ஒவ்வொன்றையும் கேட்டு, பாடியவரின் குரல், தாளம், வாத்தியம், மனநிலை, கூடத்தின் எதிரொலி என்று வரிசையாகக் குறிச்சொற்களை எழுதிக்கொண்டே போனார். ஐந்தாம் பாட்டில் பாடகர் அடியை மறந்து சிரித்துவிட்டார். பியூலாவும் சிரித்தார். பிறகு ‘சிரிப்பு, ஆண், ஒருமுறை, சொல் மறந்ததால்’ என்று ஒரு டேக் சேர்த்தார்.

குறிப்பெட்டி நிறைந்ததும் முத்திரைப் பொத்தானை அழுத்தினார். திரையின் ஓரத்தில் பச்சையாக இருந்த புள்ளி சாம்பல் நிறமானது. அந்தக் கச்சேரி அத்துடன் உலகத்தில் இல்லை.

பதற வேண்டியதில்லை. யாராவது கேட்டால் அது மறுபடி ஒலிக்கும். களஞ்சியத்தின் பொறி குறிச்சொற்களைப் படித்து, அந்தப் பாட்டை அந்தக் கணமே புதிதாகப் பாடித் தரும். அதற்கு மீளொலி என்று பெயர். சொல் மறக்கும் இடத்தில் ஓர் ஆண் சிரிக்கவும் செய்வார். ஓர் ஆல்பத்தின் மூல ஒலி அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஓராயிரம் ஆல்பங்களின் குறிச்சொற்களை வைத்துவிடலாம். கடலோர ஊர்களுக்குள் ஏறும் உப்புநீரை இரவும் பகலும் வெளியேற்றும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். பழைய பாட்டுக்கும் வேண்டும். எதற்கு முதலில் என்று கேட்டால் பியூலாவே பம்புக்கு என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே இதில் யாரையும் குறைகூறுவதற்கில்லை.

பதினோரு மணி அளவில் தலைமைக் குறிப்பாளர் வெயிலுகந்தன் வந்து மேசையருகே நின்றார். வழக்கமாக வரும்போதே யாரையாவது கிண்டல் செய்துகொண்டு வருபவர், அன்று மேசைமேல் கிடந்த துடைப்புத்துணியை எடுத்து மடித்தார்.

“யக்கா, ஒங்க சங்குமுனை வந்திருக்கு” என்றார்.

பியூலா ஹெட்போனைக் கழற்றினார். “நினைவுப் பதிவையெல்லாம் அழிக்கக் கூடாதுன்னு விலக்கு உண்டும்லா?”

“இந்த மாசத்தோட முடிச்சிட்டாங்க. நான் எழுதிக் கேட்டேன். மூலத்துக்கும் மீளொலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவங்க எத்தன பேருன்னு மேலிடத்துல திருப்பிக் கேக்கான்.”

“நீ என்ன சொன்ன?”

“ரெண்டு பேருன்னேன்.” வெயிலுகந்தன் தரையைப் பார்த்தார். “வேற ஆளுகிட்ட குடுக்கட்டுமாக்கா?”

“வேண்டாம். நானே பண்ணுதேன்.”

சங்குமுனை கடலோரச் சிற்றூர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் கடல் உள்ளே வந்து, பிறகு போகவில்லை. அந்த மாலையில் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்காக இருபத்தாறு பிள்ளைகள் கூடியிருந்தனர். சொல்லிக்கொடுத்த தேவசகாயம் சாரும் இருந்தார். வீடுகளோடு நிழற்படங்களும் போயின. எஞ்சியது ஒன்றுதான். இரண்டு வாரங்களுக்கு முன் சார் தம் கைப்பேசியில் பிள்ளைகளின் பாட்டைப் பதிந்து, மதுரையில் இருந்த தங்கைக்கு அனுப்பியிருந்தார். ஒன்பது பாட்டுகள். அதுவே ‘சங்குமுனைப் பாலர் கீதங்கள்’ என்ற ஆல்பம்.

பியூலாவின் மகள் ஹெப்சிபா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, வயது பதினொன்று. இருபத்தாறு குரலில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்க எந்தத் தாயாலும் ஆகாது. ஆனால் நான்காம் பாட்டில், இரண்டாம் சரணம் தொடங்கும்போது, ஒரு பிள்ளை அரை நொடி முந்திவிடும். அந்த அரை நொடி அது தனியாக நிற்கும். பிறகு மற்றக் குரல்கள் வந்து மூடிக்கொள்ளும். அந்த அரை நொடிதான் ஹெப்சி. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள், சோறு ஆறும்வரை பொறுக்காதவள், அவள் அல்லாமல் வேறு யார் முந்துவார்கள்? பியூலா இந்த வேலைக்கு வந்ததே அந்த அரை நொடியின் பக்கத்தில் இருப்பதற்காகத்தான்.

பதிவைக் கேட்க மாதந்தோறும் முதல் சனிக்கிழமை இன்னொருவரும் வருவார். தவசிமுத்து. சங்குமுனையில் உப்பளத்தில் இருந்தவர். இப்போது பம்புநிலையத்தில் பழுது பார்ப்பவர். அவருடைய மகன் கிங்ஸ்டனும் அந்த இருபத்தாறில் ஒருவன். கேட்பறையில் ஒரு மணி நேரம் இருப்பார், போகும்போது தலையசைப்பார். அதற்குமேல் இருவரும் பேசிக்கொண்டதில்லை. பேசினால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. மறுநாளே வந்துவிட்டார். இருவரும் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“ஹெப்சியம்மா, நீங்க எழுதப் போறியன்னு கேட்டதும்தான் உசுரு வந்துச்சு” என்றார் தவசிமுத்து. “வேற எவனும்னா அவசர அவசரமா முடிச்சிருவான். ஒண்ணே ஒண்ணு. நாலாவது பாட்டுல அவன் வார இடத்த மட்டும் சரியா எழுதிருங்க.”

“எந்த இடம்?”

“ரெண்டாஞ் சரணம். எல்லாருக்கும் முந்தி ஒருத்தன் ஆரம்பிப்பாம்லா. கிங்ஸ்டன்.”

பியூலா டீயைப் பெஞ்சில் வைத்தார். “அது ஹெப்சி” என்றார்.

தவசிமுத்து லேசாகச் சிரித்தார். பிறகு பியூலாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“இல்லம்மா. அவனுக்கு எடது காது கேக்காது, ஒங்களுக்குத் தெரியும். வலதும் பாதிதான். ஆர்மோனியத்த உரக்க வாசிச்சா அத வச்சுப் பாடிருவான். அந்தச் சரணத்துல சார் ஆர்மோனியத்த நிப்பாட்டிருவாரு. அப்போ அவனுக்கு சார் கைதான். கை மேல போனதும் ஆரம்பிச்சிருவான். மத்த பிள்ளைங்க கை எறங்குனப்பொறம் ஆரம்பிக்கும்.”

“அவளுக்கு எதுலயும் அவசரம் அண்ணே. பந்தியில மொத எலை அவளுக்குத்தான்.”

“அவசரக்காரின்னா எல்லாப் பாட்டுலயும்லா முந்தணும்?”

அவர் அதை வாதமாகச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகள் யோசித்துவைத்ததைச் சொன்னார். கடைக்காரர் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனார்.

“எத்தன பேரு போடலாம் அதுல?” என்று தவசிமுத்து கேட்டார்.

“ஒரு குரலுக்கு ஒரு ஆளுதான்.”

“வெறுமன வுட்டா?”

“பொறி பிழைன்னு எடுத்துரும். எல்லாரும் ஒண்ணாத் தொடங்குவாங்க. அந்த இடமே இருக்காது.”

தவசிமுத்து டீக்காசை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். “ஒங்க பிள்ளைய இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கடைசியா ஒருக்கா காது குடுத்துக் கேளுங்க. கேட்டுட்டு என்ன தோணுதோ எழுதுங்க. அதுக்கப்பொறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

பியூலா மேசைக்குத் திரும்பி, ஹெட்போனை மாட்டிக் கேட்டார். நான்காம் பாட்டு, முதற் சரணம் முடிந்து ஆர்மோனியம் நின்றது. அந்த அமைதியில் ஒரு மெல்லிய கிலுகிலுப்பு. அதை அவர் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அது என்னவென்று ஒருநாளும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. இன்று தெரிந்தது. தேவசகாயம் சாரின் கைக்கடிகாரம். அதன் உலோகப் பட்டை தொளதொளவென்று இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் அவர் கையைத் தூக்கிப் பேசினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி வழியும்.

கிலுகிலுப்பு வந்தது. அதன்மேலேயே, இடைவெளி இன்றி, அந்தக் குரல் வந்தது. பிறகுதான் மற்றவர்கள்.

மறுபடி கேட்டார். கை உயர்ந்தது; குரல் வந்தது. அது அவசரத்தில் முந்திய குரல் அன்று. கையையே பார்த்துக்கொண்டு நின்ற குரல்.

வழக்கத்திற்கு மாறாக அன்று பியூலா மதிய உணவுக்கு எழவில்லை. மூன்று மணிக்குக் குறிப்பெட்டியைத் திறந்தார். குரல் அடையாளம் என்ற கட்டத்தில் ‘ஹெப்சிபா, பெண், பதினொன்று’ என்று எழுதினார். இரத்த உறவின் குரல் மாதிரி உண்டா என்று பொறி கேட்டது. ஒலிவாங்கியில் தாமே சில வரிகளைப் படித்துக் கொடுத்தார். ‘முந்தித் தொடங்குதல்: இந்தத் தடத்திற்கு மட்டுமா, ஆல்பம் முழுவதற்குமா?’ என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு தடத்திற்குரிய டேக்கை ஆல்பம் முழுவதற்கும் போட்டுவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதற்பிழை. அதற்காக எத்தனையோ பேரைப் பியூலா கடிந்திருக்கிறார். தவசிமுத்துவின் சொல் நினைவுக்கு வந்தது. ஆல்பம் முழுவதற்கும் என்றே தெரிவுசெய்தார். எல்லாப் பாட்டிலும் முந்தட்டும். ஒன்பது முறை வரட்டும்.

பின்னணி ஓசைகள் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். கைக்கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

முத்திரையை அழுத்தினார். புள்ளி சாம்பல் நிறமானது.

அடுத்த மாதத்து முதல் சனிக்கிழமை தவசிமுத்து வந்தார். ஒன்பது பாட்டையும் முழுவதாகக் கேட்டார். வெளியே வந்தபோது பியூலா கேட்பறை வாசலில் நின்றிருந்தார்.

“எல்லாப் பாட்டுலயும் முந்துதாளே” என்றார் தவசிமுத்து.

“ஆமாண்ணே.”

“ஒங்க பிள்ள நல்லாப் பாடுதா, ஹெப்சியம்மா. தெளிவாக் கேக்கு.”

வெயிலுகந்தன் உள்ளேயிருந்து, “அண்ணாச்சி, அடுத்த மாசம் பத்து மணிக்கே எழுதிக்கிடட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் தம்பி. பம்புல வேல கெடக்கு.”

அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பியூலாவுக்குத் தாங்குவது எளிதாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு பியூலா அதே நாற்காலியில் உட்கார்ந்து முதன்முறையாக மீளொலியைக் கேட்டார். அதுவரை துணிவு வரவில்லை. முதற் பாட்டில் மகள் வந்தாள். தெளிவாக, தனியாக, முன்னே. பியூலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டாம் பாட்டிலும் வந்தாள். மூன்றாம் பாட்டில், அடி முடியும் இடத்தில் அவள் மூச்சு வாங்கியபோது, பியூலாவின் அழுகை நின்றது. அந்த மூச்சு அவருக்குத் தெரிந்த மூச்சு. வேகமாக நடந்து வந்து வேலைக்கு உட்காரும்போது தினமும் ஹெட்போனுக்குள் கேட்கும் தம் மூச்சு. பொறிக்குக் கிடைத்தது ஒரே ஒரு குரல். அதைப் பதினொரு வயதுக்கு இறக்கிக் கொடுத்திருந்தது.

அந்தச் சிறுமி ஒன்பது பாட்டிலும் ஒரே அளவான இடைவெளி விட்டு முந்தினாள். மற்ற இருபத்தைந்து பிள்ளைகளும் அவளுக்கு வழிவிட்டுக் கூலிக்குப் பாடுவோர்போல் பின்னே நின்றார்கள். பழைய அரை நொடியை நினைவில் எடுத்துப் பார்க்க முயன்றார். கண்ணை மூடினால் புதியதுதான் வந்தது.

குறிச்சொற்களைத் திருத்த முடியும். விதியில் அதற்குத் தடை இல்லை. ஹெப்சியின் பெயரை அழித்து, ‘கிங்ஸ்டன், ஆண், பத்து’ என்று எழுதினார். இரத்த உறவின் குரல் மாதிரி உண்டா என்று பொறி கேட்டது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பம்புநிலையத்திற்குப் போனார். தவசிமுத்து கைகளில் கிரீசோடு வெளியே வந்தார். அந்த இரைச்சலில் பியூலா கத்திப் பேசவேண்டியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார். அது அவருடைய மகன்தான் என்று சொன்னார். மாற்றி எழுதிவிடலாம், பத்து வரி பேசிக் கொடுத்தால் போதும் என்று சொன்னார்.

தவசிமுத்து முழுவதையும் கேட்டார். கழிவுத்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

“வேண்டாம்மா” என்றார். “அதுல வாரது நானால்லா இருப்பேன்.”

பிறகு, வெயிலில் வந்திருக்கிறார் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலைக்குத் திரும்பினார். பியூலா களஞ்சியத்திற்குத் திரும்பி, பெயர்க் கட்டத்தை வெறுமையாக்கி முத்திரையிட்டார். இப்போது யார் கேட்டாலும் இருபத்தாறு பிள்ளைகளும் ஒன்றாகவே தொடங்குகிறார்கள்.

இனி, இழந்தவற்றின் கணக்கு. பாட்டுகள் ஒன்பது. பிள்ளைகளின் குரல்கள் இருபத்தாறு. ஆசிரியரின் கைக்கடிகாரம் ஒன்று. ஆர்மோனியம் நின்ற அமைதி ஒன்று. இரண்டாம் சரணத்தின் தொடக்கத்தில் அரை நொடி. அது யாருடையது என்ற ஐயம். முதல் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த ஒரு மனிதர்.